ஃபிரேமை விடுங்கள், அந்த க்யூ.சி. பையன் என்ன ஆனான்?

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஹெச்.ஆர். மேலாளராக இருக்கிறேன். மொத்தம் 180 பேர். முதலாளியின் மகள் பொறுப்புக்கு வந்ததும் நேர்மை, மரியாதை, தரம், பொறுப்பு என்று நான்கு சொற்களை ஃபிரேம் போட்டு எல்லா ஷாப்பிலும் மாட்டினோம், உறுதிமொழியும் எடுத்தோம். கேண்டீனில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். போன மாதக் கடைசியில் ஒரு லாட் சரக்குக்குக் கையெழுத்துப் போட மறுத்த க்யூ.சி. (தரப் பரிசோதனை) பையனை நைட் ஷிஃப்டுக்கு மாற்றியதில் வேறு கொஞ்சம் முணுமுணுப்பு. அடுத்து ஏற்காட்டில் இரண்டு நாள் பயிற்சி முகாம் வைக்கலாம் என்கிறார் மேடம். இந்த மதிப்பீடுகளை எல்லார் மனதிலும் பதிய வைக்க என்ன வழி?

பதில்: சார், முதலில் அந்தப் பையனைப் பற்றிப் பேசுவோம், ஏற்காடு அப்புறம்.

போகிற போக்கில் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே, உங்கள் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. சுவரில் 'தரம்' என்று எழுதியிருந்ததை ஒருவன் நிஜமென்று நம்பினான், அவனுக்கு நைட் ஷிஃப்ட் கிடைத்தது, அதை மீதி 179 பேரும் பார்த்தார்கள். கேண்டீனில் சிரிப்பவர்களுக்கு உங்கள் கம்பெனியின் மதிப்பீடு எது என்று நன்றாகவே பதிந்துவிட்டது. அந்த மாறுதல் ஆர்டரில் இருப்பது உங்கள் கையெழுத்தாகத்தான் இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பெயரிலும் பலகையிலும் ஒன்றுமில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்று ஒரு ஐ.டி. கம்பெனி, சத்யம் என்றால் உண்மை. அந்த கம்பெனிக்கு 2008-ல் நல்ல நிர்வாகத்துக்காக விருதே கொடுத்தார்கள். 2009 ஜனவரி 7-ம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். விருதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் உங்கள் கதைக்கு இன்னும் பக்கத்தில் வருவது அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி. அங்கே நெறிமுறைக் கையேடு இருந்தது, புகார் சொல்லத் தனித் தொலைபேசி எண் இருந்தது, கூடவே ஒரு வாடிக்கையாளர் குடும்பத்தின் தலையில் கணக்கு, கார்டு என்று எட்டாவது கட்ட வேண்டும் என்ற இலக்கும் இருந்தது. இலக்கை எட்டாதவருக்கு வேலை நிலைக்காது என்றானதும் ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்கு திறந்து தள்ளினார்கள். 2016-ல் விஷயம் வெளியே வந்தபோது அபராதம் 18.5 கோடி டாலர், அதற்குள் இந்தப் போலிக் கணக்குகளுக்காக வேலையிழந்தவர்கள் சுமார் 5,300 பேர். புகார் எண்ணைக் கூப்பிட்டதால் வேலை போனது என்று சிலர் பின்னால் சொன்னார்கள். கடைசியில் வங்கி கைவைத்தது கையேட்டில் இல்லை, விற்பனை இலக்கை எடுத்தார்கள்.

உங்கள் பிளான்ட்டில் அந்த இலக்கு எங்கே ஒளிந்திருக்கிறது? நான் ஊகிக்கிறேன், தப்பென்றால் எழுதுங்கள். ஷிஃப்ட் இன்சார்ஜின் இன்சென்டிவ் டிஸ்பேட்ச் எண்ணிக்கையை வைத்து. க்யூ.சி. ரிப்போர்ட் செய்வது புரொடக்‌ஷன் மேனேஜருக்கு. 30-ம் தேதி சாயங்காலம் லாரி வாசலில் நிற்கும்போது, தன் அப்ரைசலை எழுதப் போகிற மனிதரிடமே "இந்த லாட் போகாது சார்" என்று ஒரு இருபத்துநாலு வயசுப் பையன் சொல்ல வேண்டும். காந்தியாக இருந்தாலும் கொஞ்சம் யோசிப்பார். க்யூ.சி.யை நேராக மேடத்தின் கீழே கொண்டு வாருங்கள், இன்சென்டிவ் கணக்கில் கஸ்டமர் திருப்பி அனுப்பியதைக் கழியுங்கள். கஸ்டமரின் எழுத்து அனுமதி இல்லாமல் எதுவும் டீவியேஷனில், அதாவது அளவு தவறியும் விலக்கு கொடுத்து, போகக் கூடாது என்பது ஏற்கெனவே உங்கள் ஃபைலில் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

டொயோட்டா தன் லைனில் ஆண்டான் கயிறு வைத்தது உங்கள் ஆட்களுக்கே தெரிந்திருக்கும். கோளாறு கண்ட தொழிலாளி யாரையும் கேட்காமல் இழுக்கலாம், டீம் லீடர் ஓடி வருவார், நேரத்துக்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும். கயிறு கட்ட ஒரு நாள் போதும், இழுத்தவனை யாரும் முறைக்காமல் இருக்கத்தான் வருடக்கணக்காகும்.

புகார்ப் பெட்டி வைக்கிற யோசனை இருந்தால் ஒன்று சொல்கிறேன். நானும் ஒரு ஃபவுண்டரியில் ஒன்பது வருடம் குப்பை கொட்டியவன். அங்கே பெட்டி இருந்தது, பூட்டும் இருந்தது, சாவி பிளான்ட் மேனேஜர் மேஜை டிராயரில் இருந்தது. ஒன்பது வருடத்தில் அதில் விழுந்தது ஒரு கல்யாணப் பத்திரிகை.

சரி, மேடத்திடம் இதை எப்படிச் சொல்வது? நேர்மை என்று ஆரம்பித்தால் ஃபிரேமைக் காட்டுவார். போன ஆறு மாதத்து டெபிட் நோட்டுகளை (குறைபாட்டுக்காக கஸ்டமர் பணம் பிடித்த சீட்டுகளை) எடுத்து, எத்தனை லாட் மாசக் கடைசி மூன்று நாளில் போனவை என்று குறித்துக் கொண்டு போங்கள். வெளிநாட்டில் படித்தவர் என்றால் கணக்கு பார்ப்பார். அதே சந்திப்பில் அந்தப் பையனைப் பகல் ஷிஃப்டுக்குத் திரும்பக் கொண்டுவரும் ஆர்டரையும் நீட்டிவிடுங்கள். அவனிடம் நீங்களே போய், தப்பு எங்களுடையது என்று நாலு பேர் முன்னால் சொல்லுங்கள். கேண்டீனிலேயே சொன்னால் இன்னும் நல்லது.