நாய் மூக்கில் ரத்தம்: ஆட்டு ஊசி போடலாமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நான்கு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) வைத்திருக்கிறேன். சுற்றிலும் பெரிய தோட்டம். பதினைந்து ஆடுகள், பட்டிக்குக் காவலாக இரண்டு நாய்கள், வீட்டில் மூன்று பூனைகள். நாய்களுக்கு வருடம் முழுக்க உண்ணி. பெரிய நாய்க்கு (18 கிலோ) இரண்டு நாளாக மூக்கில் ரத்தம் கசிகிறது, சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை இதற்கும் போடு, உண்ணி கொட்டிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். போடலாமா? இவற்றை வருடம் முழுக்க நோயில்லாமல் வைத்திருக்க என்ன வழி?

பதில்: ஊசி வேண்டாம். நாயை இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் விஷயம் இல்லை இது.

தோட்டப் பக்கத்து நாய்க்கு மூக்கில் ரத்தம் வந்தால் முதலில் இரண்டு காரணங்களைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்று உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா என்ற கிருமி உண்ணி வழியாக ரத்தத்தில் ஏறி, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். மற்றொன்று எலி மருந்து. எலி மருந்து கலந்த மெழுகுக் கட்டியை நாய் நேராகத் தின்றிருக்கலாம், அல்லது அதைத் தின்று செத்த எலியைத் தின்றிருக்கலாம்.

வீட்டிலேயே கொஞ்சம் ஊகிக்க முடியும். பல மாதமாக உண்ணி, மெலிவு, உடம்புச் சூடு 39.5 டிகிரிக்கு மேல், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் என்றால் உண்ணிக் காய்ச்சல் பக்கம் சாய்கிறது. நேற்றுவரை ஓடியாடிய நாய் திடீரென்று மூச்சு வாங்குகிறது, இருமுகிறது, காய்ச்சல் இல்லை, மூட்டு வீங்கியிருக்கிறது, தோட்டத்திலும் போன வாரம் எலி மருந்து வைத்தார்கள் என்றால் விஷத்தைத்தான் முதலில் நினைக்க வேண்டும். மேல் உதட்டைத் தூக்கி ஈற்றை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதமானாலோ, ஈறு முதலிலிருந்தே காகிதமாக வெளுத்திருந்தாலோ ஒரு மணி நேரமும் வீணாக்காதீர்கள். எது என்பதை உறுதிப்படுத்துவது ரத்தப் பரிசோதனைதான். தட்டணு எண்ணிக்கை, ரத்தம் உறையும் நேரம் இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

உண்ணிக் காய்ச்சல் என்றால் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை தருவார்கள். கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் தினமும், 28 நாள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஐந்தாறு நாளில் நாய் எழுந்து வாலாட்டிச் சாப்பிடும். மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். கிருமி மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் பதுங்கியிருந்து சில மாதம் கழித்துத் திரும்பும், அப்போது பிழைக்க வைப்பது கடினம். மாத்திரையைச் சோற்றோடு கொடுங்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும். தொண்டையில் ஒட்டிக்கொண்டால் உணவுக்குழாய் புண்ணாகும்.

எலி மருந்து என்றால் மாற்று மருந்து வைட்டமின் கே1. செம்பனையில் வைக்கும் கட்டிகளில் வார்ஃபரின் வகையும் உண்டு, புரோடிஃபாகம் போன்ற வீரியமான வகையும் உண்டு. வீரியமான வகைக்கு மூன்று, நான்கு வாரம் மாத்திரை தேவைப்படும். கடைசி மாத்திரை கொடுத்து 48 மணி நேரம் கழித்து உறையும் நேரத்தை மறுபடி பார்த்த பிறகே மருத்துவர் நிறுத்தச் சொல்வார். தீவனக் கலவையில் இருக்கும் கே3 இதற்கு உதவாது. எந்த மருந்து என்று தெரிந்தால் சிகிச்சை சுலபம், அதனால் மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளரிடம்) கேட்டு மருந்தின் உறையையோ பெயரையோ எடுத்துப் போங்கள். கட்டியைத் தின்பதைக் கண்ணால் பார்த்தால் இரண்டு மணி நேரத்துக்குள் கிளினிக் போனால் வாந்தி எடுக்க வைப்பார்கள். நீங்களே உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பே நாயைக் கொன்றுவிடும். விஷம் உள்ளே போய் மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் ரத்தம் வரும், எனவே “சாப்பிட்டு ரெண்டு நாள் ஆச்சு, ஒன்னும் ஆகல” என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

இப்போது அந்த ஆட்டு ஊசிக்கு வருவோம். 1 சதவீத ஐவர்மெக்டினில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. ஆட்டுக் கணக்கில், கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் வீதம், உங்கள் 18 கிலோ நாய்க்கு 0.36 மில்லி போடுவார்கள். நாய்க்கு இதயப் புழு வராமல் தடுக்க மாதம் ஒருமுறை வாய்வழி தரும் அளவோ கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். இந்த ஊசி மருந்தில் அது சுமார் 0.01 மில்லி, அதாவது சின்ன சிரிஞ்சில் ஒரே ஒரு கோடு. முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். இதயப் புழு கொசு வழியாகப் பரவுவது. கொசு கடித்துக் கடித்து நாயின் ரத்தத்தில் ஏற்கெனவே அதன் குஞ்சுகள் இருந்தால், ஆட்டு அளவில் போடும்போது அவை ஒரேயடியாகச் செத்து நாய் அதிர்ச்சியில் விழும். கோலி போன்ற ஆட்டு மந்தை நாய் ரத்தம் கலந்திருந்தால் மூளையையே தாக்கும். இவ்வளவு ஆபத்துக்கும் அது உண்ணிக்குச் சரியான மருந்தும் இல்லை.

உண்ணி தீராமல் இருப்பதற்குக் காரணம் நாய் அல்ல, நாய்க்கூடு. ரத்தம் குடித்து ஆமணக்கு விதையாகப் பருத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் ஏறும். பலகை இடுக்கு, தகரத்தின் மடிப்பு, படுக்கைச் சாக்கின் தையல் என்று புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துவிடும். நீங்கள் நாய் மேல் பார்ப்பது கொஞ்சம், மீதி சுவரில் இருக்கிறது. குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்து இந்தச் சுழற்சியை உடைக்கும். நமக்கு அது கிடையாது, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருக்கும். அதனால் “சீசனுக்கு மட்டும்” மருந்து என்ற பேச்சே இங்கே இல்லை. இதயப் புழு மாத்திரைக்கும் இதே கணக்குதான், கொசுவுக்கு ஓய்வு மாதம் ஏது? ஆனால் ஆரம்பிக்கும் முன் ரத்தம் பார்த்துவிட வேண்டும்.

சாக்கை எரித்துவிட்டுக் கழுவக்கூடிய பிளாஸ்டிக் பலகை போடுங்கள். இடுக்குகளைச் சிமெண்ட் பூசி அடையுங்கள். இரண்டு நாய்க்கும் ஒரே நாளில் உண்ணி மாத்திரை கொடுங்கள். அஃபாக்சோலனர் மாதம் ஒன்று, ஃபுளுரலனர் 12 வாரத்துக்கு ஒன்று. வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். ஒரு நாய்க்குக் கொடுத்து இன்னொன்றை விட்டால் பணம் வீண். ஆறு மாதமாவது விடாமல் கொடுத்தால் ஏறும் ஒவ்வொரு உண்ணியும் சாகும், கூடு காலியாகும். விலை கட்டுப்படியாகாவிட்டால் தண்ணீரில் கலந்து நாய் மேல் ஊற்றும் அமிட்ராஸ் இருக்கிறது. 12.5 சதவீத மருந்தில் 2 முதல் 4 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்குவார்கள், உங்கள் பாட்டிலின் லேபிளையும் பாருங்கள். கையுறை போட்டு ஊற்றி, நிழலில் காய விடுங்கள், நக்க விடாதீர்கள். கலந்த மருந்தை அடுத்த வாரத்துக்கு வைத்தால் வீரியம் போய்விடும். சொறிக்குப் பழைய எஞ்சின் எண்ணெய் தடவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது தோலைச் சுடும், நக்கினால் குடலையும் கெடுக்கும்.

பூனைகளின் பக்கம் அமிட்ராஸே போகக் கூடாது. நாய்க்குக் கழுத்தில் சொட்டு விடும் பெர்மெத்ரின் மருந்தும் அப்படித்தான், நனைந்த நாயோடு பூனை படுத்தால்கூட நடுக்கமும் வலிப்பும் வரும். பட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்பால் வெதுவெதுப்பான நீரில் பூனையைக் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். பனடோல் (பாராசிட்டமால்) பாதி மாத்திரைகூடப் பூனைக்கு எமன்.

மற்ற மாத வேலைகளை வானத்தைவிடத் தோட்டத்து ஆபீஸைப் பார்த்துத் திட்டமிடுவது நல்லது. எலி மருந்து சுற்று எப்போது, களைக்கொல்லி எப்போது என்று கேட்டு வையுங்கள். எலி மருந்தைச் சில நாள் இடைவெளியில் திரும்பத் திரும்ப வைப்பார்கள், அந்தச் சுற்று முடிந்து ஒரு வாரம் வரை நாய்களைக் கட்டியே வையுங்கள், செத்த எலியைக் கையுறை போட்டு ஆழமாகப் புதையுங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை. கொட்டகையில் பழைய பாட்டில் கிடந்தால் நாய்க்கு எட்டாமல் பூட்டுங்கள்.

அக்டோபர், நவம்பர் மழையில் எலிச் சிறுநீர் நோய் (லெப்டோஸ்பைரா கிருமியால் வருவது) மனிதருக்கும் பரவும். நாய்க்கு வருடம் ஒருமுறை போடும் தடுப்பூசியில் லெப்டோஸ்பைரா இருக்கிறதா என்று கேட்டு, மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போடுங்கள், 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் அந்த நோய் தலைகாட்டியது. பிப்ரவரி, மார்ச் வெயிலில் தகரக் கூரையின் கீழ் கட்டிப் போடாதீர்கள். நாய் நாக்கைத் தொங்கவிட்டுத் தள்ளாடினால் குழாய்த் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், சூடு 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். விஷம் துப்பும் நாகம் நாயின் கண்ணில் விஷத்தைப் பீச்சினால் பதினைந்து நிமிடம் சுத்தத் தண்ணீரால் கண்ணைக் கழுவ வேண்டும், தேய்க்கக் கூடாது.

இன்று கிளினிக் போகும்போது சின்ன நாயையும் கூட்டிப் போங்கள். அதே உண்ணிதான் அதையும் கடித்திருக்கிறது.