மதம் இல்லை என்றால் ஞானஸ்நானம் எதற்கு?

கேள்வி: நாங்கள் கே.ஜி.எஃப். பக்கம் இருந்து வந்து பெங்களூரு கே.ஆர்.புரத்தில் குடியிருக்கும் ஆதிதிராவிடர் குடும்பம். என் மகள் ஒரு கிறிஸ்தவப் பையனை விரும்புகிறாள். நல்ல பையன், எங்களுக்கும் சம்மதம்தான். வருஷா வருஷம் சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள் நாங்கள், அதனால் வெறுப்பு எல்லாம் கிடையாது. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் பெண் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று அவர்கள் சபை பாஸ்டர் சொல்கிறார். மதம் மாறச் சொல்கிறீர்களா என்று கேட்டால், "இல்லம்மா, கிறிஸ்தவம் மதமே இல்லை, இயேசுவோடு உள்ள உறவு, நாங்கள் யாரையும் மதம் மாற்றுவதில்லை" என்கிறார். மகள் அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறாள், எஸ்.சி. சான்றிதழ் இருக்கிறது. மதமே இல்லை என்பதால் சான்றிதழுக்கு ஒன்றும் ஆகாது என்று பையன் வீட்டில் சொல்கிறார்கள். நிஜமா? கிறிஸ்தவம் மதமா இல்லையா?
– பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: அம்மா, மதம்தான். சான்றிதழ் பற்றி அவர்கள் சொன்னது தப்பு, அதுவும் உங்கள் மகளின் வேலையில் கை வைக்கிற தப்பு, அதனால் அதை முதலில் பேசிவிடுவோம்.

1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியில் கிட்டத்தட்ட இந்துக்கள் மட்டும்தான் இருந்தார்கள். 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களை இன்று வரை சேர்க்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்துச் சபையில் சேர்ந்த பிறகு எஸ்.சி. சான்றிதழை நீட்டினால், எங்கள் பாஸ்டர் இதை உறவு என்றுதான் சொன்னார் என்று எந்தத் தாசில்தாரிடமும் வாதாட முடியாது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் இதே மாதிரி ஒரு வழக்கில் தீர்ப்பு வந்தது. ஞானஸ்நானம் பெற்று சர்ச்சுக்கும் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், தான் இந்துதான் என்று சொல்லி அரசு வேலைக்காக எஸ்.சி. சான்றிதழ் கேட்டார், கிடைக்கவில்லை. அந்த ஆணை நியாயமா என்று கேட்டால் நியாயம் இல்லை என்றுதான் சொல்வேன், ஏனென்றால் சர்ச்சுக்குள் போன பிறகும் சாதி வாசலில் செருப்போடு நின்றுவிடுவதில்லை, தனிக் கல்லறை வரைக்கும் கூடவே வருகிறது, தலித் கிறிஸ்தவர்கள் இதற்காகப் பல வருஷமாக நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருக்கிறார்கள், 2022-ல் மத்திய அரசு ஒரு ஆணையமும் போட்டது. ஆனால் சட்டம் மாறும் வரை உங்கள் மகள் இன்றைய சட்டத்தை வைத்துத்தான் தேர்வு எழுதியாக வேண்டும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்துகொள்வதால் மட்டும் சான்றிதழ் போகாது. அது பிறப்பால் வந்தது. மதம் மாறினால்தான் சிக்கல்.

சரி, பாஸ்டர் பொய் சொல்கிறாரா? இல்லை என்று நினைக்கிறேன். நானும் சண்டே ஸ்கூலில் வளர்ந்தவன்தான், கிறிஸ்தவம் மதம் இல்லை என்ற இந்தப் பேச்சைக் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டிருக்கிறேன், சொல்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் மனசாரத்தான் சொல்கிறார்கள். சடங்கும் காணிக்கையும் கணக்கும் வைத்து மனுஷன் கடவுளிடம் ஏறப் பார்ப்பது மதம், கடவுளே இறங்கி வந்தது கிறிஸ்து, இதுதான் அவர்கள் சொல்ல வருவது. இதற்குப் பெரிய பாரம்பரியமே உண்டு. போன நூற்றாண்டில் கார்ல் பார்த் என்ற சுவிஸ் இறையியலாளர் மதம் என்பதே அவிசுவாசம் என்று எழுதினார். ஹிட்லரின் சிறையில் இருந்த போன்ஹோஃபர் என்ற ஜெர்மன் போதகர், மதம் இல்லாத கிறிஸ்தவம் எப்படி இருக்கும் என்று 1944-ல் நண்பருக்குக் கடிதம் எழுதினார், அடுத்த வருஷம் ஏப்ரலில் அவரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். ஆனால் பார்த் அந்தச் சாட்டையை முதலில் வீசியது கிறிஸ்தவத்தின் மேல்தான். நம் சபையும் மதம்தான், அதுவும் தீர்ப்புக்கு உட்பட்டதுதான் என்றார் அவர். அதாவது தன்னைத் தானே கண்டித்துக்கொள்ளச் சொன்ன பேச்சு அது. இங்கே மற்றவர்கள் எல்லாம் மதம், நாங்கள் மட்டும் விதிவிலக்கு என்று ஆகிவிட்டது.

விதிவிலக்கு கேட்பது இவர்கள் மட்டும் இல்லை. இந்து என்பது மதம் இல்லை, வாழ்க்கை முறை என்று சொல்கிறவர்களுக்கு 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கையில் இருக்கிறது. இஸ்லாம் ஒரு வாழ்க்கை நெறி என்று நம் முஸ்லிம் நண்பர்கள் சொல்வார்கள். புத்தரின் தம்மம் மதத்திலிருந்து வேறு என்று அம்பேத்கரே எழுதியிருக்கிறார். இதே கர்நாடகத்தில் லிங்காயத்துகள் நேர் எதிராக, எங்களைத் தனி மதமாக அறிவியுங்கள் என்று ஊர்வலம் போனார்கள், 2018-ல் மாநில அரசு சிபாரிசும் செய்தது, மத்திய அரசு ஏற்கவில்லை. சிறுபான்மைக் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமை என்று வரும்போது கிறிஸ்தவர்களில் எவரும் நாங்கள் மதமே இல்லை என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு மதத்தாலோ மொழியாலோ சிறுபான்மையாக இருப்பவர்களுக்குத்தானே அந்த உரிமையைக் கொடுக்கிறது.

ஆக, தன் விசுவாசத்தைப் பற்றி பாஸ்டர் எப்படி வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும், அது அவர் அனுபவம். உங்கள் வீட்டுப் பெண்ணிடம் ஒன்றைக் கேட்கும்போது அதே பேச்சைக் கேடயமாகப் பிடிக்கக் கூடாது. வெறும் உறவுதான் என்றால் அதற்கு ஏன் ஒரு தேதி, ஒரு தொட்டி, சபைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து? சிவாஜிநகரில் செப்டம்பர் 8-ம் தேதி காவிச் சேலை கட்டி மெழுகுவர்த்தி ஏற்றுகிற இந்துப் பெண்களை யாரும் பதிவேட்டில் எழுதுவதில்லை. விவேக்நகர் குழந்தை ஏசு கோயிலுக்கு வியாழக்கிழமை போகிறவர்களையும் எழுதுவதில்லை. ஞானஸ்நானம் அந்த மாதிரி விஷயம் இல்லை. அது ஒரு சமூகத்துக்குள் சேர்கிற வாசல். அவர்கள் கேட்பது மதமாற்றம்தான், கேட்பதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு. ஆனால் பெயரைச் சொல்லிக் கேட்கட்டும்.

பாஸ்டர் ஏன் பிடிவாதமாக இருக்கிறார் என்பதும் எனக்குப் புரிகிறது. அவிசுவாசிகளோடு, அதாவது கிறிஸ்துவை நம்பாதவர்களோடு, அந்நிய நுகத்தில் பிணைக்கப்படக் கூடாது என்று பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை அப்படியே கல்யாணத்துக்கு வைத்துக்கொள்கிற சபைகள் நிறைய. ஆனால் ஞானஸ்நானத்தை உண்மையிலேயே மதிக்கிற போதகர், கல்யாணத் தேதிக்காக ஒரு பெண் தண்ணீரில் இறங்குவதை முதல் ஆளாகத் தடுக்க வேண்டும். பைபிளில் எத்தியோப்பிய மந்திரி ஒருவர் தண்ணீரைப் பார்த்து எனக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தடை என்ன என்று கேட்டபோது அவருக்குப் போதித்த பிலிப்பு கேட்டது முழு இருதய விசுவாசத்தை. மண்டபம் புக் பண்ணியாச்சா என்று கேட்கவில்லை.

இதில் யாருமே கேட்காத ஆள் உங்கள் மகள்தான், உங்கள் கடிதத்திலும் அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. அவளுக்கு நிஜமாகவே விசுவாசம் வந்திருந்தால், சான்றிதழ் போனாலும் பரவாயில்லை என்று தெரிந்தே எடுப்பதாக இருந்தால், அது அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு கொடுக்கிற உரிமை, நீங்களும் குறுக்கே நிற்காதீர்கள். பையனுக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

சட்டப்படி கட்டாயமும் இல்லை. 1872-ம் வருஷக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும். கத்தோலிக்கச் சபையே ஞானஸ்நானம் பெறாதவரோடு கல்யாணத்துக்குத் தனி அனுமதி கொடுக்கிறது. பாஸ்டர் மறுத்தால் 1954-ம் வருஷச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, இருவரும் அவரவர் மதத்திலேயே இருக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் அவள் சொத்து விஷயத்தில் இந்திய வாரிசுரிமைச் சட்டம் வரும், கூட்டுக் குடும்பச் சொத்து இருந்தால் அதையும் பாதிக்கும், ஒரு வக்கீலிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், இருவரில் ஒருவராவது அந்தப் பதிவாளர் எல்லைக்குள் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், அதனால் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு.