வயித்தால போற பூனைக்குட்டிக்கு எந்த ஃபுட் வாங்கறது?

பாலக்கோட்டுல இருந்து ஒரு பொண்ணு கேட்டிருக்காங்க. மாங்கா மண்டி ஓரமா தாயில்லாம கெடந்த பூனைக்குட்டிய, யாராவது தத்தெடுக்கற வரைக்கும் வெச்சு பாத்துக்கலாம்னு வீட்டுக்கு தூக்கிட்டு வந்திருக்காங்க. வந்து ஆறு நாளாச்சு, அதுல நாலு நாளா வயித்தால போகுது, ஆனா குட்டி நல்லா வெளையாடுது, பசின்னு கத்துது. மொதல்ல பசும்பால் குடுத்தாங்களாம், அப்புறம் கடையில லூஸ்ல அள்ளிக் குடுத்த ட்ரை ஃபுட், அப்புறம் பவுச், பக்கத்து வீட்டம்மா சொன்னாங்கன்னு தயிர்சாதம், நேத்துல இருந்து வேற ஒரு ட்ரை ஃபுட். எடை 450 கிராம். "எந்த பிராண்ட் வாங்கினா நிக்கும் டாக்டர்?"ன்னு கேக்கறாங்க.

பிராண்டுக்கு அப்புறம் வரேன்மா. ஆறு நாள்ல அஞ்சு சாப்பாடு மாத்தியிருக்கீங்க, பெரிய பூனைக்கே ஒரு ஃபுட்ல இருந்து இன்னொன்னுக்கு மாத்த ஒரு வாரம் எடுத்துக்க சொல்லுவோம், இது உள்ளங்கை அளவு குட்டி. போகுதேன்னு பயந்து மாத்தறீங்க, மாத்தறதாலயே மறுபடி போகுது. கிளினிக்குக்கு வர்ற ஃபாஸ்டர் குட்டிங்கள்ல நான் அடிக்கடி பாக்கறது இதான், பாசம் ஜாஸ்தியாகி வயிறு கெட்டுப் போன கேஸ்.

மொதல்ல வாயத் தொறந்து பல்ல பாருங்க, எடைய வெச்சு மட்டும் வயச முடிவு பண்ணாதீங்க, ஏன்னா பட்டினி கெடந்த குட்டி வயசுக்கு எடை கம்மியாத்தான் இருக்கும். முன்பல் மூணு நாலு வாரத்துல வந்துடும், உள்ள கன்னத்துப் பக்கம் பல்லு மொளச்சிருந்தா ஆறு வாரம் கிட்ட ஆச்சுன்னு வெச்சுக்கலாம். நாலு வாரத்துக்கு கொறஞ்ச குட்டின்னா நான் கீழ சொல்றது எதுவுமே அதுக்கு இல்ல, பூனைக்குட்டிக்குன்னே விக்கற பால் பவுடர்தான், உடம்பு சில்லுன்னு இருந்தா மொதல்ல சூடு குடுத்துட்டு அப்புறம்தான் பால்.

பசும்பால இன்னியோட நிறுத்துங்க. அதுல இருக்கற லாக்டோஸ்ங்கற பால் சக்கரை குட்டியோட கொடலுக்கு முழுசா செரிக்காது, மிச்சம் தண்ணிய இழுத்துட்டு வெளிய வந்துடும். தயிர் அந்த அளவுக்கு மோசம் இல்ல, ஆனா தயிர்சாதத்துல பூனைக்கு வேண்டியது ஒண்ணும் இல்ல. பூனை முழுக்க முழுக்க கறி தின்ற சாதி, டாரின்னு ஒரு சத்து, நம்ம உடம்பு அதுவா செஞ்சுக்கும், பூனையால போதுமான அளவு செஞ்சுக்க முடியாது, கறி மீன்ல இருந்துதான் வரணும். அது கொறஞ்சா கண்ணு போகும்ங்கறது முன்னாடியே தெரியும், இதயமும் பலவீனமாகுதுன்னு 1987-லதான் கண்டுபிடிச்சாங்க. இத சொன்னா, எங்க வீட்டுல களி தின்னே பத்து வருஷம் பூனை இருந்துச்சேன்னு கேப்பாங்க. அது களியில வளரலைங்க, எலியில வளந்துச்சு.

இப்ப செய்ய வேண்டியது. கோழி நெஞ்சுக்கறி கொஞ்சம் வாங்கி உப்பு, மஞ்சத்தூள், இஞ்சி பூண்டு எதுவும் போடாம வெறும் தண்ணியில வேக வெச்சு (வெங்காயமும் பூண்டும் பூனை ரத்தத்தையே கெடுக்கும், அதனால வீட்டுக் கொழம்புல இருந்து கறிய எடுத்து கழுவிக் குடுக்கற வேலையும் வேண்டாம்) நல்லா மசிச்சு அந்த வெந்த தண்ணியும் கொஞ்சம் சேத்து வெதுவெதுப்பா குடுங்க. ஒரு தடவைக்கு ரெண்டு டீஸ்பூன் போதும், ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை. வயிறு காயட்டும்னு பட்டினி மட்டும் போடாதீங்க, குட்டிக்கு சக்கரை சட்டுனு எறங்கி சுருண்டு விழுந்துடும். ரெண்டு மூணு நாளைக்கு மேல இந்த கறி ஓடாது, ஏன்னா வெறுங்கறியில கால்சியம் கிடையாது, வளர்ற எலும்புக்கு ஆகாது. அதனால கக்கா கொஞ்சம் கெட்டியானதும் புது ஃபுட்ட கால் பங்கு கலந்து ஆரம்பிங்க, ரெண்டு நாள் கழிச்சு பாதி, அப்புறம் முக்கால்னு ஒரு வாரத்துல முழுசா மாறிடலாம். ட்ரை ஃபுட்டா இருந்தா வெந்நீர்ல ஊற வெச்சு கூழாக்கி குடுங்க.

சரி, பிராண்ட். பாக்கெட்ட திருப்பிப் படிங்க, கம்ப்ளீட்டுன்னு போட்டிருக்கணும், காம்ப்ளிமென்டரின்னு இருந்தா அது நொறுக்குத்தீனி மாதிரி, வயிறு ரொம்பும் சத்து பத்தாது. கூடவே கிட்டன்னோ குரோத்துன்னோ இருக்கணும். புரோட்டீன் காஞ்ச எடையில குறைஞ்சது 30 சதவீதம் வேணும். பவுச்சுல 9 சதவீதம்னு பாத்து ஏமாத்தறாங்கன்னு நெனைக்காதீங்க, அதுல 80 பங்கு தண்ணி, மிச்சம் 20-ல 9-னா கணக்கு 45 சதவீதம் வருது. ராயல் கேனின் மதர் அண்ட் பேபிகேட் மாதிரி 1 மாசத்துல இருந்து 4 மாச குட்டிக்குன்னு வர்றது சின்ன வாய்க்கு சுலபமா இருக்கும், ஆனா வெலை கூடுதல். அது கட்டுப்படி ஆகலைன்னா மேல சொன்னது எழுதியிருக்கற எந்த கிட்டன் ஃபுட்டும் ஓகே, நல்ல ஃபுட்ட மாத்தி மாத்தி போடறத விட சுமாரான ஃபுட் ஒண்ணே ஒண்ணு போடறது இந்த வயித்துக்கு நல்லது. லூஸ்ல மட்டும் வாங்காதீங்க, இந்த வெயில்ல தொறந்த மூட்டையில கொழுப்பு சிக்கு வாடை அடிச்சுடும்.

அளவுதான் பல பேர் கோட்டை விடற எடம். ஒரு நாளைக்கு 100 கிராம் எடைக்கு சுமார் 20 கலோரி, உங்க குட்டிக்கு 90. ட்ரை ஃபுட்ல அது 22 கிராம் கிட்டதான் வரும், கிச்சன் தராசுல போட்டு பாருங்க, இவ்ளோதானான்னு இருக்கும். கத்துதேன்னு மறுபடி மறுபடி போட்டா மஞ்சளா கொழகொழன்னுதான் போகும். தினமும் காலையில எடை போடுங்க, 10 கிராமாவது ஏறணும். ஒகேனக்கல் பக்கம் போனா மீன் வாங்கிட்டு வருவீங்க, பச்சையா போடாதீங்க, கெண்டை வகையில வைட்டமின் பி1-அ அழிக்கற ஒரு நொதி இருக்கு, வேக வெச்சா போயிடும், முள்ள எடுத்துடுங்க.

இன்னொண்ணு, தெருவுல எடுத்த குட்டி வயித்துல புழு இல்லாம இருந்தா அதிசயம், தாய்ப்பால் வழியாவே வந்துடும். அதுக்கு எந்த ஃபுட்டும் மருந்தாகாது. புது கக்காவ ஒரு சின்ன டப்பாவுல போட்டு டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க, மைக்ரோஸ்கோப்ல பாத்தா புழு முட்டையா, காக்சிடியாங்கற கண்ணுக்குத் தெரியாத கொடல் ஒட்டுண்ணியான்னு தெரியும், ரெண்டுக்கும் மருந்து வேற. வீட்டுல இருக்கற பேதிய நிறுத்தற மாத்திரை, பாராசிட்டமால் கையில எடுக்கவே கூடாது, பாராசிட்டமால் பூனைக்கு வெஷம். வாந்தி வந்தாலோ, ரத்தம் கலந்து போனாலோ, சாப்பாட்ட மோந்துட்டு போய் படுத்துக்கிட்டாலோ, பிடரித் தோல தூக்கி விட்டா சட்டுனு எறங்கலைன்னாலோ காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, பான்லுகோபீனியாங்கற வைரஸ் நோயா இருக்கலாம், அது ஒரே ராத்திரியில முடிச்சுடும். பக்கத்துல பாக்க முடியலைன்னா சேலம் தாண்டி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. வீட்டுல வேற பூனை இருந்தா ரிசல்ட் தெரியற வரைக்கும் தனி ரூம், தனி தட்டு.

அப்புறம் யாராவது தத்தெடுக்க வந்தா குட்டியோட அந்த ஃபுட் பாக்கெட்டையும் குடுத்து விடுங்க, ஒரு வாரத்துக்கு இதையே போடுங்கன்னு சொல்லிடுங்க, இல்லன்னா அவங்க வீட்டுலயும் முதல் நாளே ஒரு கிண்ணம் பால் வெப்பாங்க.