எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு எந்த பூட்ஸ்?

கேள்வி: அக்டோபரில் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகிறேன். முதுகில் 12 கிலோ பை இருக்கும். தினமும் ஓடுகிற ஷூ போதாதா? பூட்ஸ்தான் என்றால் ஒரு நம்பர் பெரிதாக வாங்கலாமா? முன்பு ஒரு மலையிலிருந்து இறங்கியபோது இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துப் போயின.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: நகம் கறுத்ததற்குக் காரணம், இறக்கத்தில் பாதம் முன்னால் வழுக்கி விரல் நுனி ஷூவில் மோதியதுதான். வெறுமனே நம்பரைக் கூட்டினால் குதிகாலும் தளர்ந்து, வழுக்கல் இன்னும் அதிகமாகும். முன்னால் இடம் வேண்டும், பின்னால் பிடிப்பு வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைகிற பூட்ஸைத் தேடுங்கள்.

பாதையின் கீழ்ப்பகுதியிலுள்ள நாம்ச்சே ஊர் வரை ஓடுகிற ஷூ சமாளித்துவிடும். அதற்கும் மேலே லோபுஜே என்ற ஊரைத் தாண்டி, கடைசித் தங்குமிடமான கோரக்ஷெப், 5,364 மீட்டர் உயரத்திலுள்ள முகாம் என்று போகும்போது பாதை முழுக்கப் பனியாறு தள்ளிக் குவித்த கற்கள். மெல்லிய சோலில் ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலில் குத்தும். களைத்த காலில் கணுக்கால் சட்டென்று பிசகும். கடையில் பூட்ஸின் முனையையும் குதியையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். எளிதில் முறுகினால் வேண்டாம். மடிந்தால் விரல்கள் தொடங்கும் இடத்தில் மட்டுமே மடிய வேண்டும், நடுவில் கூடாது. முனையைச் சுற்றி ரப்பர் பட்டை இருப்பது அவசியம்.

மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்; அப்போது போய், மலையில் போடப்போகும் கம்பளி சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். பெரிய பாதத்துக்கே அளவு. லேஸ் கட்டாமல் விரல்களை முனைவரை தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு இறுகக் கட்டி மாடிப்படியில் இறங்குங்கள். விரல் இடித்தாலோ, ஏறும்போது குதிகால் தூக்கினாலோ அந்த ஜோடி உங்களுக்கானது அல்ல. 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று கடைக்காரர் சொல்வார். தோல் கொஞ்சம் இளகும், நீளம் அதிகமாகாது.

இறக்கத்துக்கு முன் கணுக்கால் மடிப்பில் லேஸை ஒன்றுக்கு இரண்டாகச் சுற்றி இறுக்கிவிட்டு மேலே கட்டுங்கள். குதிகால் அசையாது. நகத்தைப் பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள். புது பூட்ஸை மூன்று வாரமாவது, கடைசி வாரம் பையோடும், போட்டு நடந்து பழக்குங்கள்.

கேள்வி: ஏழு வருடமாகப் பரணில் பெட்டியிலேயே இருக்கும் பூட்ஸ், பார்க்கப் புதிதாகவே இருக்கிறது. கொண்டுபோகலாமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: சோலுக்கும் மேல்தோலுக்கும் நடுவிலுள்ள மெத்தைப் பகுதி பாலியூரித்தேன் என்ற நுரை பிளாஸ்டிக்காக இருந்தால், ஈரக்காற்றே அதை உள்ளுக்குள் உளுத்துப்போக வைத்துவிடும். போடாமல் வைத்திருந்தாலும் தப்பாது. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்பு விட்டாலோ பொடி உதிர்ந்தாலோ பசை போட்டும் பயனில்லை, சோல் வழியிலேயே கழன்று விழும். நன்றாகத் தெரிந்தாலும், ஊரிலேயே பையோடு இரண்டு நாள் முழுக்க நடந்து பார்த்த பிறகே எடுத்துச் செல்லுங்கள்.