மார்த்தாண்டத்துல ஸ்பீச் தெரபி ரூம் போட்டா ஆளு வருமா?

அக்கா, மெசேஜ் படிச்சேன். மக பிஏஎஸ்எல்பி (காது, பேச்சு சிகிச்சைக்கான டிகிரி) முடிச்சு ஆஸ்பத்திரில வேலையும் பாக்கா, இப்ப மார்த்தாண்டத்துல சொந்தமா ரூம் போடணும்னு நிக்கா, வீட்ல யாருக்கும் தூக்கம் இல்ல. பயம் நியாயம்தான். ஆனா அவ சித்தப்பா சொல்ற பெங்களூர் எம்பிஏ ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் வேண்டவே வேண்டாம், அதுக்காக ரப்பர் தோட்டத்த பேங்க்ல வைக்கதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். பிள்ளைங்கள பேச வைக்கதுக்குன்னே நாலு வருஷம் படிச்சவள ஆபீஸ் சீட்ல உக்கார வச்சு என்ன செய்ய? கல்யாண பத்திரிகைல போட நல்லாருக்கும், அவ்ளோதான்.

போர்டு பாத்து யாரும் வர மாட்டாங்க, யாராவது அனுப்பணும். மூணு வயசாகியும் பேசாத பிள்ளைய மொதல்ல கவனிக்கது அங்கன்வாடி டீச்சர், பிறகு பிள்ளைங்க டாக்டர், இஎன்டி. கருங்கல், தக்கலை, குலசேகரம்னு ஓபி முடியுற நேரம் பாத்து அஞ்சு நிமிஷம் போய் பாக்கட்டும். வெறும் விசிட்டிங் கார்டு டிராயருக்குள்ள போயிரும். என்ன கேஸ் பார்ப்பா, எத பாக்க மாட்டா, எந்தெந்த நாள், ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு நம்பர், இவ்ளோம் ஒரே பக்கத்துல இருக்கணும். டாக்டர் ஒரு பிள்ளைய அனுப்பினா, அம்மா அப்பாட்ட கேட்டுட்டு அரைப்பக்கம் ரிப்போர்ட் திருப்பி அனுப்பணும்: இப்ப எத்தன வார்த்த சொல்லுது, காது டெஸ்ட் எடுத்தாச்சா, அடுத்த மூணு மாசம் என்ன செய்யப்போறோம். இத செய்றவங்க கம்மி, அதான் செய்றவ பேரு டாக்டருக்கு மறக்காது.

மேல்புறம், முன்சிறை, கிள்ளியூர் மூணு ஒன்றியமும் பக்கம்தான், அங்க உள்ள பிஆர்சி (பள்ளிகளுக்கான வட்டார வள மையம்) சிறப்பாசிரியர்களயும் பாக்கணும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பிசியோவ போட்டியா நெனைக்க வேண்டாம், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு பல நேரம் ரெண்டு மூணு பேரு கை வேணும், இவ அனுப்புவா, அவங்களும் அனுப்புவாங்க. ஆர்சிஐ பதிவ புதுப்பிக்க சிஆர்இ பாயிண்ட் (தொடர் பயிற்சிக்கு போனா கிடைக்கது) எப்படியும் வேணும், திருவனந்தபுரம் ஆக்குளத்துல நிஷ்னு பேச்சு, காது இன்ஸ்டிட்யூட் இருக்கு, அங்க பயிற்சிக்கு போனா பக்கத்து சீட்ல உக்காருற சீனியர்தான் நாளைக்கு கஷ்டமான கேஸுக்கு போன் பண்ணி கேக்க ஆளு. வாட்ஸ்அப் குரூப்ல பிள்ளைங்க பேரும் வீடியோவும் மட்டும் போடவே கூடாது.

ரெஃபரலுக்கு கமிஷன் கேட்டா? முடியாதுன்னு சொல்லட்டும். அந்த காசு கடைசில பிள்ளையோட அப்பன் பாக்கெட்ல இருந்துதான் போகும்.

ஆடியோமீட்டர், சவுண்ட்ப்ரூஃப் ரூம்னு லோன் எடுக்க விடாதீங்க. காது டெஸ்டுக்கு மெஷின் உள்ளவங்கள்ட்ட அனுப்பட்டும், அவங்க தெரபிக்கு இவட்ட அனுப்புவாங்க. பாய், பெரிய கண்ணாடி, பொம்ம, படம் போதும். இப்ப உள்ள ஆஸ்பத்திரில பார்ட் டைம் கேட்டுட்டு, வாரத்துல ரெண்டு நாள் மட்டும் ஒரு கிளினிக்ல ரூம் ஷேர் பண்ணட்டும், ஆஸ்பத்திரி கேஸ இழுத்துட்டு வரக்கூடாது. மொதல்ல ஆர்சிஐ வேலிடிட்டி எப்ப முடியுதுன்னு இன்னைக்கே பாக்க சொல்லுங்க.