12 லட்சத்துக்கு ரசீது உண்டா, ஐயா?

தூத்துக்குடியிலிருந்து ஓர் அப்பா கேட்கிறார். மகள் ப்ளஸ் டூ கணிதப் பிரிவு. சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு மைத்துனர் 12 லட்சம் பேசி முடித்துவிட்டார். சனிக்கிழமை முன்பணம். மகளோ கப்பல் கட்டும் படிப்புதான் வேண்டும் என்கிறாள். பழைய துறைமுகத்தில் தோணி கட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து ஏராவும் (அடிமரம்) வங்குமாக (விலாக்கட்டை) நோட்டில் வரைகிறாளாம். "பொம்பளப் பிள்ளை கப்பல்ல போய் என்ன செய்யும்னு சொந்தக்காரங்க சிரிக்கிறாங்க."

உங்கள் பதற்றம் புரிகிறது, ஐயா. ஆனால் நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் சனிக்கிழமை பணம் போய்விடும். கொடுக்காதீர்கள்.

சிரிப்பவர்களுக்கு முதலில் ஒன்று. நேவல் ஆர்க்கிடெக்சர் படிப்பவர் மாதக்கணக்கில் கடலுக்குப் போவதில்லை. அது மரைன் இன்ஜினியரிங், நாட்டிகல் சயின்ஸ் படித்தவர்களின் வேலை; அதற்கும் பெண்கள் போகிறார்கள். உங்கள் மகள் கேட்பது கப்பலை வடிவமைத்துக் கட்டும் படிப்பு.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பெருமையை மைத்துனரே சொல்லியிருப்பார். இந்தப் படிப்பு கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு வேலையை மட்டும் நான் சொல்கிறேன். கப்பல் கட்ட ஆர்டர் கொடுக்கும் முன், எந்த யார்டை, அதாவது கப்பல் கட்டும் தளத்தை, நம்பலாம் என்று நேரில் பார்த்துக் கப்பல் முதலாளிக்கு அறிக்கை தரும் வேலை அது.

யார்டில் கப்பலைக் கட்டி நீரில் இறக்கும் சாய்தளம் இரண்டு, ஒவ்வொரு கப்பலும் அதில் 8 மாதம் நிற்கிறது என்றால் ஆண்டுக்கு மூன்றுதான் இறங்கும். இன்னும் ஆரம்பிக்காத ஆர்டர் ஆறு கையில் இருந்தால் நம் கப்பலுக்கு ஏரா வைக்கவே 2 ஆண்டு ஆகும். "18 மாதத்தில் டெலிவரி" என்ற பேச்சு அந்தக் கணக்கிலேயே உடைந்துவிடும். அடுத்தது கிரேன். 1,500 டன் இரும்புக் கூட்டை 150 டன் கிரேன் பத்துப் பன்னிரண்டு துண்டாகத் தூக்கி வைக்கும். 40 டன் கிரேனுக்கு நாற்பது துண்டாவது வேண்டும். கூரைக்குள் முடித்திருக்க வேண்டிய இணைப்பெல்லாம் வெட்டவெளியில், காற்றிலும் மழையிலும், தலைக்கு மேல் கைதூக்கி வெல்டிங் செய்ய வேண்டியதாகும். பழுதும் தாமதமும் அங்கேதான் சேரும்.

பிறகு அந்த ஆய்வாளர், கப்பலைச் சமநிலைப்படுத்தக் கடல்நீர் நிரப்பும் பாலஸ்ட் டாங்குக்குள் இறங்கி, வெட்டிய துவாரத்தின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பார். கூராக இருக்கும் விளிம்பில் பெயின்ட் மெலிந்து நிற்கும். துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அதனால்தான் சர்வதேச விதி விளிம்பை 2 மில்லிமீட்டர் ஆரத்துக்காவது உருட்டச் சொல்கிறது, 320 மைக்ரான் பூச்சும் கேட்கிறது. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போனால் பெயின்ட் அடிக்கக் கூடாது. மேற்குக் கரை யார்டின் பதிவேட்டில் ஆடி மாதம் முழுக்க ஒரே கையெழுத்தில் 80, 80 என்று இருந்தால், அது அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியது.

கடைசியாகப் பணம். ஒப்பந்தம், தகடு வெட்டு, ஏரா வைப்பு, இறக்கம், ஒப்படைப்பு என்று பெரும்பாலும் ஐந்து தவணை. யார்டு கவிழ்ந்தால் கட்டிய தவணையைத் திருப்பித் தருவேன் என்று ஒரு நல்ல வங்கி உத்தரவாதம் எழுதிக் கொடுத்த பிறகே முதல் தவணை போக வேண்டும். கொரியாவின் எஸ்டிஎக்ஸ் போன்ற பெரிய நிறுவனமே 2016-ல் நீதிமன்றத்தின் மேற்பார்வைக்குப் போனது.

கோடிகளில் புரளும் கப்பல் முதலாளி இவ்வளவு பார்க்கிறார். நீங்கள் எதைப் பார்த்தீர்கள்? நன்கொடை வசூலுக்குத் தமிழ்நாட்டில் 1992-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. அந்தப் பணத்துக்கு யாரும் ரசீது எழுதமாட்டார்கள். இரண்டாம் செமஸ்டரில் பிள்ளை "முடியலப்பா" என்று அழுதால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? மைத்துனரிடமா?

இந்தப் பாதையின் குறையையும் கேட்டுக்கொள்ளுங்கள். படித்து முடித்த உடனே அந்த ஆய்வு வேலை கிடைக்காது. யார்டின் வடிவமைப்புப் பிரிவிலோ, உற்பத்தித் தளத்திலோ, இந்தியன் ரிஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் போன்ற தரச்சான்று அமைப்பிலோ பல வருடம் உழைக்க வேண்டும். கொச்சி, விசாகப்பட்டினம், கோவா, மும்பை என்று ஊர் மாற வேண்டும். உலக வணிகம் படுத்தால் ஆர்டரும் படுக்கும்.

கொச்சிப் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறை 1975 முதல் இருக்கிறது. நுழைவு அந்தப் பல்கலைக்கழகமே நடத்தும் கேட் (CAT) தேர்வு வழியாக. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் விசாகப்பட்டினம் வளாகத்துக்கு ஐஎம்யூ செட் (IMU CET) நுழைவுத் தேர்வு. சென்னை ஐஐடிக்கு ஜேஇஇ அட்வான்ஸ்ட். எதிலும் நன்கொடைப் பேச்சு கிடையாது.

கப்பலைப் பார்க்கப் பிடிப்பது வேறு, அதன் கணக்கு பிடிப்பது வேறு. ஆசை எந்த வகை என்று மகளிடமே பாருங்கள். தோணியின் நீர்மட்டக் கோட்டில் முன்முனை முதல் பின்முனை வரை சம இடைவெளியில் ஐந்து இடத்தில் அகலம் அளக்கட்டும். அவற்றை 1, 4, 2, 4, 1 ஆல் பெருக்கிக் கூட்டி, இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கால் பெருக்கினால் நீர்மட்டப் பரப்பு வரும். சிம்ப்சன் விதி என்பார்கள். இந்தப் படிப்பில் முதலில் பழகும் கணக்குகளில் ஒன்று. அதற்கு மேல் ஒரு டன் சரக்கு ஏற்றினால் தோணி எவ்வளவு அமிழும் என்று யாரும் சொல்லாமலே அவள் அடுத்த கணக்குப் போட ஆரம்பித்தால், சனிக்கிழமை மைத்துனருக்கு நீங்களே போன் செய்து சீட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கணக்கில் அவளுக்கு மனம் போகவில்லை என்றால் வேறு படிப்பு பார்ப்போம். அப்போதும் அந்த 12 லட்சம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.