கையிருப்பு எத்தனை மாதத்துக்கு?

கேள்வி: நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறோம். கம்பெனிதான் வேறு வேறு, துறை ஒன்றே. பள்ளியில் படிக்கும் மகள் இருக்கிறாள், வீட்டுக்கடன் இருக்கிறது. மூன்று மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இருக்கிறது. கிரெடிட் கார்டில் அரை மாதச் செலவுக்குச் சற்று மேல் பாக்கி. மாதம் 3 சதவீதம் வட்டி. எங்கள் துறையில் ஆள்குறைப்புச் செய்தி வராத வாரமே இல்லை. ஓய்வுக்காலத்துக்காகப் போடும் முதலீட்டை மொத்தமாக நிறுத்திவிட்டு, ஒரு வருடச் செலவுக்குப் பணம் சேர்க்க வேண்டும் என்கிறார் அவர். மூன்று மாதமே போதும், அதற்கு மேல் பணத்தை வங்கியில் தூங்கவிடுவது வீண் என்கிறேன் நான். வரவு செலவு விவரத்தை இணைத்திருக்கிறேன். யார் சொல்வது சரி?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் விவரத்தை வரி வரியாகப் படித்தேன். அதில் உள்ள தொகைகளை இங்கே வெளியிட விருப்பமில்லை. அதனால் உங்கள் மாதச் செலவு 100 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கேற்ப மாற்றிக்கொண்டேன். படிக்கும் மற்றவர்களும் தங்கள் கணக்கைப் பக்கத்தில் போட்டுப் பார்க்க இது வசதி.

உங்கள் சம்பளம் 55, அவருடையது 70, செலவு 100. மிச்சம் 25, அது முழுக்க ஓய்வுக்கால முதலீட்டுக்குப் போகிறது. கையில் 300 இருக்கிறது, கார்டு பாக்கி 60.

நீங்கள் மூன்று மாதம் என்பதும் அவர் ஒரு வருடம் என்பதும் எந்த மாதத்தை வைத்து? இரண்டு பேருமே இப்போது நடக்கும் மாதத்தை மனதில் வைத்துப் பேசுகிறீர்கள். வேலை போன பிறகு வரும் மாதம் அப்படி இருக்காது. அந்த மாதத்தில் எதை நிறுத்தவே முடியாது என்று உங்கள் பட்டியலில் பென்சிலால் குறித்துப் பார்த்தேன். வீட்டுக்கடன் தவணை 32. மளிகை, பால், காய்கறி 18. பள்ளிக் கட்டணம் 9. மின்சாரம், தண்ணீர், போன், இணையம் 7. காப்பீட்டு பிரீமியம் 5, மருந்து 4. கூட்டினால் 75. வெளியே சாப்பிடுவது, துணிமணி, சுற்றுலா, மாதச் சந்தாக்கள் எல்லாம் மீதி 25-க்குள் அடக்கம். அவற்றை ஒரே வாரத்தில் நிறுத்திவிடலாம்.

இந்த 75-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. குடும்பம் முழுவதற்குமான மருத்துவக் காப்பீடு அவர் கம்பெனி தருவது என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை போனால் அதுவும் போய்விடும், சொந்தப் பணத்தில் ஒரு பாலிசி எடுத்தாக வேண்டும். நேர்முகத் தேர்வுகளுக்கு அலையும் செலவு வேறு. அதற்கெல்லாம் ஒரு 5 சேர்த்து 80 என்று வையுங்கள். இனி உங்களுக்கு ஒரு மாதம் என்றால் 80தான்.

அடுத்து அந்தக் கார்டு பாக்கி. மாதம் 25 முதலீட்டுக்குப் போகிற வீட்டில் 3 சதவீத வட்டிக்குக் கடன் நிற்பதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது, மன்னியுங்கள். வருடத்துக்கு 36 சதவீதம். கட்டாமல் விட்டால் வட்டிக்கும் வட்டி ஏறும். எந்தச் சேமிப்பும் இந்த வட்டிக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது. நெருக்கடி நேரத்தில் கையில் ரொக்கம் குறையக் கூடாது என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லலாம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இந்த 60-ஐ இந்த வாரமே கையிருப்பிலிருந்து எடுத்துக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வேலை போகும் நாளில் அது வட்டியோடு வளர்ந்து, அந்த 80-க்கு மேல் இன்னொரு தவணையாக உட்கார்ந்திருக்கும். கட்டி முடித்ததும், 'அவசரம் என்றால் கார்டு இருக்கிறதே' என்று நினைத்துவிடவும் வேண்டாம். 2008-லும் 2020-லும் பல நாடுகளில் கார்டு நிறுவனங்கள் கடன் வரம்பைக் குறைத்தன. ஊரே கஷ்டத்தில் இருக்கும்போது கடன் கொடுப்பவரும் கையை இறுக்கிக்கொள்வார்.

சரி, இப்போது கையில் 240. இது எத்தனை நாள் தாங்கும்?

உங்கள் வேலை மட்டும் போனால் அவருடைய 70 வந்துகொண்டிருக்கும். மாதம் 10தான் துண்டு விழும், 240 இரண்டு வருடம் தாங்கும். அவருடைய வேலை மட்டும் போனால் துண்டு 25. அப்போதும் ஒன்பது மாதத்துக்கு மேல் ஓட்டலாம். இரண்டும் போனால் மாதம் 80 கரையும், சரியாக மூன்றே மாதம்.

உங்கள் சண்டைக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒரு சம்பளமாவது வரும் என்ற தைரியத்தில் நீங்கள் பேசுகிறீர்கள். இரண்டும் நின்றுபோன வீட்டை நினைத்து அவர் பயப்படுகிறார். ஒருவர் மருத்துவமனையிலும் மற்றவர் பள்ளியிலும் வேலை பார்த்திருந்தால், மூன்று மாதமே போதும் என்று நானும் உங்கள் பக்கம் சாய்ந்திருப்பேன். உங்கள் வீட்டில் துறை ஒன்றாகிவிட்டதே. ஒரே காற்றில் இரண்டு கூரையும் பறக்க வாய்ப்பிருக்கிறது. கம்பெனி வேறு என்பதால் ஆபத்து கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

கெட்ட காலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. எல்லாம் சேர்ந்து வரும். 2020-ல் பிப்ரவரி 19 முதல் மார்ச் 23-க்குள், ஐந்து வாரம்கூட முடியாமல், அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 என்ற பங்குச்சந்தைக் குறியீடு மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. அடுத்த மாதமே அந்த நாட்டில் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியது. வேலை போனவர் முதலீட்டை விற்றுச் சாப்பிடலாம் என்று போனால், விலை பாதாளத்தில் இருந்த நேரம் அது. ஆறே மாதத்தில் அந்தக் குறியீடு பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டது. பொறுத்திருக்கக் கையில் காசு இருந்தவர்களுக்குத்தான் அந்த மீட்சி கிடைத்தது. ஓய்வுக்கால முதலீட்டை அடிமாட்டு விலைக்கு விற்காமல் காப்பாற்றுவதே கையிருப்பு செய்யும் பெரிய உதவி. 'தூங்கும் பணம்' என்று நீங்கள் திட்டும்போது இதையும் சேர்த்து யோசியுங்கள்.

அப்படியானால் எவ்வளவு? 80 வீதம் ஆறு மாதம், மொத்தம் 480. இதுதான் உங்களுக்கு நான் சொல்லும் இலக்கு.

ஆறு என்பது பொதுவாக எல்லோரும் சொல்லும் எண்தான். மூன்று முதல் ஆறு மாதம் என்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கும். அதற்காக அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், சோதித்துப் பாருங்கள். உங்கள் துறையில் சமீபத்தில் வேலை போய், மறுபடி வேலையில் சேர்ந்தவர்கள் நாலைந்து பேராவது உங்களுக்குத் தெரிந்திருப்பார்கள். எத்தனை மாதம் ஆனது என்று கேளுங்கள். சட்டென்று கிடைத்தவரை விட்டுவிடுங்கள், அதிகம் தாமதமானவரின் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு மாதம் கூட்டுங்கள். வேலையில் சேர்ந்த அன்றே சம்பளம் கொடுத்துவிடுவார்களா? மாதம் முடிந்துதானே வரும்! இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கூட்டினால் ஐந்தோ ஆறோ வந்தால் 480 சரி. எட்டு வந்தால் 640 என்று திருத்திக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன். சம்பளம் தள்ளித் தள்ளி வருவது, புதிய ஆள் எடுப்பதை நிறுத்துவது, நடந்துகொண்டிருந்த வேலைகளை ஓசையில்லாமல் மூடுவது என்று உங்கள் இரண்டு கம்பெனிகளிலுமே அறிகுறி தெரிந்தாலும் அப்படித்தான். தொலைக்காட்சியில் வரும் பொதுவான பீதியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வேலையை விட்டு அனுப்பும்போது கம்பெனி தரும் இழப்பீட்டுத் தொகை? வந்தால் நல்லது. வருவதற்கு முன்னால் அதைக் கணக்கில் எழுதக் கூடாது.

உங்கள் வீட்டுக்காரர் கேட்கும் ஒரு வருடம் என்பது 960. இப்போதுள்ள 25-ஐ முழுக்கப் போட்டாலும் இரண்டரை வருடம் ஆகும். அத்தனை நாள் ஓய்வுக்காலத்துக்கு ஒரு காசும் சேராது. இரண்டரை வருடம் கழித்து நிலைமை சரியாகிவிட்டது என்று அவரே சொல்வாரா என்பதும் சந்தேகம்தான். பயத்துக்கு உச்சவரம்பு கிடையாது. அதனால் நாம்தான் ஒரு எண்ணை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. சம்பாதிப்பவர் ஒரே ஆள், தொழிலோ வருடத்தில் பாதி நாள் வருமானம் தராதது, அல்லது ஐம்பது வயதைத் தாண்டி வேறு யாருக்கும் தேவைப்படாத ஒரு குறுகிய வேலையில் நிபுணர் என்றால் ஒரு வருடம் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. நீங்கள் அந்த நிலையில் இல்லை.

உங்கள் கவலைக்கும் ஒரு கணக்கு. வங்கி 4 சதவீதம் தந்து, விலைவாசி 6 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். 480-ன் மதிப்பு வருடத்துக்குச் சுமார் 10 குறையும். ஒரு நாள் செலவு இரண்டே முக்கால் என்றால், இது நான்கு நாள் செலவுகூட இல்லை. இதை ஒரு காப்பீட்டு பிரீமியமாக நினைத்துக் கட்டிவிடலாம். ஆனால் வருடத்துக்கு ஒரு முறை அந்த 80-ஐத் திரும்பக் கணக்கிடுங்கள். பள்ளிக் கட்டணம் ஏறியிருக்கும், மளிகையும் ஏறியிருக்கும். பழைய 480, ஆறு மாதம் என்ற பெயரில் ஐந்தரை மாதமாகச் சுருங்கியிருக்கும்.

240-லிருந்து 480-க்கு எப்படிப் போவது? முதலீட்டுக்குப் போகும் 25-ல் 20-ஐக் கையிருப்புக்குத் திருப்புங்கள். 5 மட்டும் பழைய இடத்துக்கே போகட்டும். முழுக்க நிறுத்திவிட்டால் மறுபடி தொடங்குவது லேசில் நடக்காது. உங்கள் பங்குக்கு இணையாகக் கம்பெனியும் பணம் போடும் திட்டம் ஏதாவது இருந்தால் அதில் கை வைக்கவே கூடாது. வெளிச்செலவில் 10 குறையுங்கள், கொஞ்சம் முனகினாலும் முடியும். மாதம் 30 வீதம் எட்டே மாதம். இடையில் போனஸ் வந்தால் இன்னும் சீக்கிரம்.

பணத்தை எங்கே வைப்பது என்பதில் சிறு கஞ்சத்தனம்கூடக் கூடாது. அரை சதவீதம் கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டு இந்தப் பணத்தை மாட்டிவிடாதீர்கள். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானபோது, அதன் கடன் பத்திரங்களை வைத்திருந்த ரிசர்வ் பிரைமரி ஃபண்ட் என்ற அமெரிக்கப் பணச்சந்தை ஃபண்டில் ஒரு டாலரின் மதிப்பு 97 சென்ட்டாக இறங்கியது. வங்கிக் கணக்கு மாதிரி பத்திரமானது என்று நம்பி மக்கள் பணம் போட்டிருந்த இடம் அது. நஷ்டம் 3 சென்ட்தான். ஆனால் நினைத்த நாளில் பணத்தை எடுக்க முடியவில்லை, காத்துக் கிடந்தார்கள். மருத்துவமனையில் முன்பணம் கேட்கும் நேரத்தில் அந்தக் காத்திருப்பு எப்படி இருக்கும்?

எனவே ஒரு மாதச் செலவு சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மீதியை ஐந்து சிறு வைப்புகளாகப் பிரித்துப் போடுங்கள். தேவைப்பட்டால் ஒன்றை மட்டும் உடைக்கலாம், மற்றவற்றின் வட்டி கெடாது. இரண்டு வங்கிகளில் வைப்பது நல்லது; எதிலும் டெபாசிட் காப்பீட்டு வரம்பை, அதாவது வங்கி மூழ்கினாலும் காப்பீட்டில் திரும்பக் கிடைக்கும் உச்சத் தொகையை, தாண்ட வேண்டாம். வீட்டுக்கடன் வாங்கிய வங்கியில் மட்டும் இதை வைக்காதீர்கள். தவணை தவறினால் அங்கேயே இருக்கும் உங்கள் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமை பல நாடுகளில் வங்கிகளுக்கு உண்டு. சில நாள் செலவுக்கு வீட்டிலும் ரொக்கம் இருக்கட்டும். 2015 ஜூன் 29 முதல் கிரீஸில் மூன்று வாரம் வங்கிகள் மூடிக்கிடந்தன, ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான் எடுக்க முடிந்தது. அப்படி நடப்பது அபூர்வம். ஒரு நாள் முழுக்க நெட்வொர்க் படுத்துவிடுவது அவ்வளவு அபூர்வமில்லை.

கணக்கு யார் பெயரில் என்று நீங்கள் எழுதவில்லை. அவர் பெயரில் மட்டும் என்றால் இந்த வாரமே இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். நாமினி பெயரையும் சரிபாருங்கள். அவரே தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும்போது அவருடைய பாஸ்வேர்டை யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

அப்புறம், எதற்கு இந்தப் பணத்தைத் தொடலாம் என்று இப்போதே இருவரும் பேசிக்கொள்ளுங்கள். வருமானம் நின்றுபோவது, உடம்புக்கு முடியாமல் போவது, வீட்டில் உடனே சரிசெய்தாக வேண்டிய பழுது, இவ்வளவுதான். வருடாந்திரக் காப்பீட்டு பிரீமியமும் பள்ளி திறக்கும் மாதக் கட்டணமும் திடீர்ச் செலவு ஆகாது. தேதி தெரிந்த செலவு அது. அதற்குத் தனியாக மாதாமாதம் ஒதுக்குங்கள். உங்கள் விவரத்தில் போன வருடம் கையிருப்பிலிருந்து இரண்டு முறை எடுத்திருக்கிறீர்கள், இரண்டுமே இந்த மாதிரிச் செலவுதான்.

வங்கிக்குப் போகும்போது 20-ஐத் திருப்பிவிடும் ஆணையில் எட்டு மாதம் கழித்து ஒரு முடிவுத் தேதியையும் போட்டுவிடச் சொல்லுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு பணம் தானாகவே பழையபடி ஓய்வுக்கால முதலீட்டுக்குப் போகட்டும். அதை நீட்டிக்க வேண்டும் என்றால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று உங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள்.